பதினோராவது முதுகு

உவ்வே டீச்சர் என்று சொன்னால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன்கூடத் தலையைச் சொறிவார். நாற்பத்தாறு வயது, டிராயிங் டீச்சர், எதைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். வரவேற்பறையில் தொங்குகிற அன்னப்பறவைப் படத்தைப் பார்த்தால் உவ்வே. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வீடு என்று எந்தப் பிள்ளையாவது வரைந்து நீட்டினால், "எந்த ஊர்லடா ரெண்டு மலைக்கு நடுவுல கரெக்டா சூரியன் வருது? நீ பார்த்தியா? பார்க்காததை எதுக்கு வரையுற? உவ்வே!" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிள்ளைகள் அவள் எதிரில் டீச்சர் என்றும், அவள் முதுகுக்குப் பின்னால் உவ்வே என்றும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பெரிய ஓவியராக வேண்டும் என்று படித்தவள்தான். கல்லூரி முடித்ததும் ஒரே ஒரு கண்காட்சி வைத்தாள். பதினெட்டுப் படத்தில் விற்றது ஒன்று. அதையும் வாங்கினது தாய்மாமா, பாவம் பார்த்து. அது இன்றைக்கும் மாமா வீட்டில் கரண்ட் மீட்டர் பெட்டியை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் மாசா மாசம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார், வேறு ரசிகர் கிடையாது. அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்த வேலை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

டிராயிங் ரூம் எங்கே இருந்தது தெரியுமா? பையன்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில். கணக்குக்கு நல்ல அறை, அறிவியலுக்கு நல்ல அறை, படம் வரைகிறவர்களுக்கு மூக்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போல. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் பத்தொன்பது வருஷமாக அழகைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்குத் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து, "உங்க பீரியடு சும்மாதானே டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டு போவார். அந்த "சும்மாதானே"வைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதை எல்லாம்கூடச் சகித்துக்கொண்டாள். அவளால் சகிக்கவே முடியாத ஒன்று உண்டு. டிராயிங் டீச்சர்கள் வட்டாரத்தில் அதற்கு 'டச்சப்' என்று பேர். போட்டிக்குப் படம் அனுப்புவதற்கு முன்னால், பிள்ளை வரைந்ததை டீச்சர் கொஞ்சம் சரி பண்ணுவது. கோணல் மூக்கு நேராகும், நீலம் மேகமாகும், கடைசியில் பிள்ளையின் பேர் மட்டும்தான் பிள்ளையுடையது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறதுதான். ஒரு வருஷம் போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில், முதல் பரிசுக்கு வந்த ஆறு படமும் ஒரே கை வரைந்தது என்று கண்டுபிடித்து, அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டாள். "பிள்ளைங்க வாயிலருந்து பிடுங்கிச் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுறீங்களே, வெட்கமா இல்ல?" அதோடு எந்தப் போட்டிக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று என்றாள்.

தெருச்சுவர் ஓவியமும் பாப் ஆர்ட்டும் அவளுக்குக் கைகொடுத்தது அந்தச் சமயத்தில்தான். அன்னப்பறவையும் சூரியோதயமும் வேண்டாம். "தினம் கண்ணுல படணும், ஆனா நீ ஒரு நாளும் பார்த்திருக்கக் கூடாது. அப்படி ஒண்ணைக் கொண்டு வா" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிஸ்கட் உறை, பிதுங்கிப்போன பற்பசை டியூப், அறுந்த செருப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் கொண்டு வந்தார்கள். அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, அடிக்கிற மஞ்சளிலும் ரோஸிலும் எட்டுத் தடவை வரிசையாக வரைய வைத்தாள். வீட்டுக்கு வந்த நாத்தனார் ஃபோனில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணி, மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டுச் செருப்புப் படமா போடச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டாள். "உன் அண்ணன் செருப்புதான், நல்லாப் பாரு" என்றாள் இவள்.

அப்புறம் ஸ்டென்சில். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு பையனின் சித்தப்பா, தூக்கிப்போடுகிற பழைய எக்ஸ்ரே பிலிம்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார். அதைவிட நல்ல ஸ்டென்சில் தகடு கிடையாது, கிழியாது, நனையாது. பிளேடால் உருவத்தை வெட்டி எடுத்து, சுவரில் வைத்து ஸ்ப்ரே அடித்தால் உருவம் ஒட்டிக்கொள்ளும். நிறத்துக்கு ஒரு தகடு. சட்டைக்கு ஒன்று, சட்டையில் ஓடுகிற கோடுகளுக்கு ஒன்று, முடிக்கும் நிழலுக்கும் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் என்ன எழவு என்றே தெரியாது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் விழுந்தால்தான் ஆள் வருவான்.

அதில் கெட்டிக்காரி ஒரு பெண். பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவரின் மகள். தலைமுடி கனத்தில் கோடு வெட்டுவாள், கை நடுங்காது. பிளேடு என்று பேர் விழுந்துவிட்டது. அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் அறுக்கமாட்டாள், பேருக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். டிராயிங் ரூம் பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று டீச்சரிடம், இன்னொன்று பிளேடிடம்.

ஏழு வருஷமாக உவ்வே டீச்சர் ஒரு சுவர் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பக்கச் சுவர், மெயின் ரோட்டைப் பார்த்தது. ஒவ்வொரு வருஷமும் அதில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று எழுதிவிடுவார்கள். இந்த வருஷம் ஹெட்மாஸ்டர் தானாகவே கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், ரொம்ப நாளா கேட்டீங்களே, சுவரு கொடுத்துட்டேன்."

"எந்தச் சுவரு சார்?"

"பின்சந்துச் சுவரு."

"அது சுவரா சார்? ஊருக்கே அதுதானே கழிப்பறை!"

"அதுக்குத்தான் சொல்றேன். நீங்க அழகா நாலு பூ போட்டு, 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'னு பெருசா எழுதினீங்கன்னா எவனுக்கும் மனசு வராது பாருங்க."

கலைக்கு இடம் கொடுத்த லட்சணத்தைப் பார்த்தீர்களா? ஏழு வருஷம் வாசலில் நின்றவளைக் கூப்பிட்டு மூத்திரச் சந்தில் உட்கார வைக்கிறார். முகத்துக்கு நேராகவே உவ்வே என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து டிராயிங் ரூமில் உட்கார்ந்து பத்து நிமிஷம் யோசித்தாள். மறுபடி போய், "சரி சார், எடுத்துக்கிறேன். ஆனா என்ன வரையணும்னு பிள்ளைங்கதான் முடிவு பண்ணும்" என்றாள். அவருக்கு நாற்றம் போனால் போதும், தலையாட்டிவிட்டார்.

அந்தச் சுவரைக் கழுவினது ஒரு பெரிய கதை. இடுப்பு உயரத்துக்குப் பூச்சு உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மஞ்சளாகத் தூள் பறக்கும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மூன்று சனிக்கிழமை தேய்த்தார்கள். ஒரு பையன் ஓரமாகப் போய் வாந்தியே எடுத்துவிட்டான். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் வந்து, பதினைந்து பிள்ளைகள் நிற்கிறதைப் பார்த்தும், நாலடி தள்ளி நின்று ஜிப்பை இறக்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டீச்சர் பிளீச்சிங் தண்ணீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினதில் அவன் ஜிப்போடு ஓடினான்.

அன்றைக்குத்தான் பிளேடு சொன்னாள். "டீச்சர், பூ வேண்டாம். இவங்களையே வரையலாம்."

"எவங்களை?"

"நிக்கிறவங்களை. முதுகை மட்டும். எங்க கடைல உக்காந்தா வரிசையாத் தெரியும். தினமும் பார்க்கிறேன், ஆனா பார்த்ததில்லை. நீங்க சொன்ன மாதிரி."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் பிள்ளைகள் முதலில் பயந்துபோனார்கள். அப்புறம் விதிமுறை போட்டார்கள். முகம் கிடையாது. ஒரு தடவை வந்தவன் ஆத்திர அவசரத்துக்கு வந்தவன், அவனை விட்டுவிடலாம். மூன்று தடவை வந்தால் சுவரில் ஏறுவான். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் முறை வைத்து உட்கார்ந்து குறிக்க வேண்டும். நாலு மணிக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாம் முன்வாசலில் வேன் ஏறிவிடும் என்பதால் அதற்கு மேல் பிளேடு முறை.

"டீச்சர், எங்க மாமா வந்தா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"உங்க மாமாவா இருந்தாலும் சரி, என் மாமனாரா இருந்தாலும் சரி. தள்ளுபடி கிடையாது. பார்த்ததை வரையுறோம், அவ்வளவுதான்."

மூன்று வாரத்தில் பதினோரு பேர் தேறினார்கள். ஒவ்வொருவனுக்கும் பிள்ளைகள் பேர் வைத்தார்கள். ஃபோனில் பேசிக்கொண்டே நிற்கிறவன் 'ஹலோ'. ஹெல்மெட்டைக் கழற்றாதவன் 'விண்வெளி'. டை கட்டினவன் 'மேனேஜர்'. தினமும் நாலு பத்துக்கு டாண் என்று வருகிறவர் 'நாலு பத்து'. அவரைக் குறித்ததும் வெட்டினதும் பிளேடு. ஐந்து தகடு. உவ்வே டீச்சர் ஒவ்வொரு தகடாக வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மெலிந்துபோன இடங்களைச் சுட்டிக்காட்டினாள். நாலு பத்தின் சட்டைக் கோட்டுத் தகட்டில் ஒரு கோடு சரியாக வளையவில்லை என்று தன் பிளேடாலேயே செதுக்கிக் கொடுத்தாள். தொழில் தெரிந்தவள் செய்கிற தப்பு அது. தகட்டைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஸ்ப்ரே அடித்தார்கள். ஆள் உயரத்துக்கு, ஆரஞ்சும் கிளிப்பச்சையும் ரோஸுமாகப் பத்து முதுகுகள் சுவரைப் பார்த்து நின்றன. சந்தில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். கடைசியாகப் பதினோராவது. பிளேடு தகட்டைப் பிடித்தாள், இன்னொருத்தி அடித்தாள். கால்சட்டை விழுந்தது. சட்டை விழுந்தது. கோடு விழுந்தது. முடித் தகட்டை எடுத்தபோது உச்சியில் அவரைவிதை வடிவத்தில் ஒரு வழுக்கை. கடைசித் தகட்டை எடுத்தபோது இடது தோளில் குறுக்காக ஒரு பை, ஓரத்தில் சதுரமாக ஒட்டுப்போட்டது.

அந்த ஒட்டைத் தைத்தது உவ்வே டீச்சர். போன மழைக்காலத்தில், அவள் கையால்.

இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடது காலை மடக்கி வலது காலில் பாரம். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு. அவள் வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் நிற்கிற மாதிரி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார், ரோஸ் நிறத்தில்.

"டீச்சர், எப்படி இருக்கு?" என்றாள் பிளேடு.

"ம். நல்லா இருக்கு."

"உங்களுக்கு இவரைத் தெரியுமா டீச்சர்?"

"எனக்கெப்படித் தெரியும்? யாரோ எவனோ!" என்றாள். குரல் ஏன் அவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. பிளேடு தகடுகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். தினமும் நாலு மணிக்கெல்லாம் ஆபீஸை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து, பின்சந்தில் நிறுத்தி, இவளை ஏற்றிக்கொண்டு போவார். சனி, ஞாயிறு அவருக்கு லீவு, சந்துப் பக்கம் வரமாட்டார். வீட்டில் அப்படி ஒரு சுத்தக்காரர்! குழாயைத் திறக்கும் முன் குழாயைக் கழுவுவார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். இவள் நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தால், "அந்தக் கையோட சமையல் ரூமுக்குள்ள போகாதே, அசிங்கமா இருக்கு" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த 'அசிங்கமா இருக்கு'வைக் கேட்டுக் கேட்டு, தினமும் டர்பன்டைனில் நகத்தைத் தேய்த்தவள் இவள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் காபி டம்ளரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, தினமும் எனக்காக வந்து காத்துக்கிட்டிருக்கீங்களே, அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? நிப்பேன்."

"சும்மாவா நிப்பீங்க?"

"பின்னே, ஆடுவேனா? என்னாச்சு உனக்கு? இந்த டம்ளரைச் சரியாவே கழுவலை நீ."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டம்ளரை அவர் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போய் மறுபடி கழுவினாள். கழுவும்போது திங்கட்கிழமையை நினைத்தாள். ஹெட்மாஸ்டர் வருவார், கணக்கு வாத்தியார் வருவார், நாலு பத்து யார் என்று எவனாவது கண்டுபிடிப்பான், பத்தொன்பது வருஷமாக எல்லாரையும் பார்த்து உவ்வே என்றவளைப் பார்த்து ஊரே உவ்வே என்னும். எனக்கு இது தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, ஆனாலும் நாலைந்து தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பீரோவைத் திறந்து நாலு ஸ்ப்ரே டின், ஒரு பிரஷ், மாஸ்கிங் டேப் எடுத்துக்கொண்டாள். சந்தில் ஆள் இல்லை, ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. டேப் ஒட்டி, ஓரம் பிசிறாமல், கோடு போட்ட சட்டையை வெறும் நீலச் சட்டையாக்கினாள். பையை அடியோடு எடுத்தாள். வழுக்கையில் கருகருவென்று முடி வரைந்தாள். வீட்டுக்காரர் இத்தனை வருஷம் எண்ணெய் மாற்றி மாற்றித் தேய்த்தும் முளைக்காதது பத்து நிமிஷத்தில் முளைத்துவிட்டது. தோளைக்கூடக் கொஞ்சம் தூக்கி நிமிர்த்தினாள். தள்ளி நின்று பார்த்தாள். அருமையான டச்சப். யாரோ எவனோதான் நின்றான்.

கையைப் பார்த்தால் நகத்தில் எல்லாம் கறுப்பு. குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தபோது நிஜமாகவே வாந்தி வந்தது. உவ்வே என்று வாயால் சொல்கிறவளுக்கு அன்றைக்குத்தான் அது வயிற்றிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை காலையில் ஹெட்மாஸ்டர் வந்தார். முதலில், "என்ன டீச்சர் இது கண்றாவி!" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முதுகாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பதினொன்றையும் பார்த்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். "சரி, இருக்கட்டும். விழிப்புணர்வுதானே" என்றார். இடைவேளையில் ஆண் வாத்தியார்கள் ஒருத்தர் விடாமல் வந்து அதே மாதிரி பார்த்துவிட்டு, அதே மாதிரி மூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். ஆக, டீச்சர் தப்பித்தாள். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று மதியம் வரைக்கும் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது.

கடைசிப் பீரியடு, பத்தாம் வகுப்பு, டிராயிங். உள்ளே நுழையும்போதே சண்டைச் சத்தம்.

"டீச்சர், நாலு பத்துக்கு முடி முளைச்சிருக்கு!" என்றான் ஒருத்தன். சிலர் சிரித்தார்கள். "பையைக் காணோம், சட்டையும் மாறிடுச்சு."

"வெளியாள் எவனாவது செஞ்சிருப்பான்" என்றாள் டீச்சர், வருகைப் பதிவேட்டைத் திறந்தபடி.

"இல்ல டீச்சர். ஓரத்தைப் பார்த்தீங்களா? டேப் ஒட்டி அடிச்சிருக்கு. நீலம் நம்ம பீரோல இருந்த நீலம், டின் பாதி காலி. பீரோ சாவி உங்ககிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு." எல்லாரும் பிளேடைப் பார்த்தார்கள். "அந்தாளு இவங்க கடைக்கு வர்றவராம். வாடிக்கை போயிடும்னு இவளே மாத்திட்டா. எங்க பெரியப்பாவை மட்டும் 'மேனேஜர்'னு போட்டுச் சுவத்துல ஏத்தினீங்க, நான் வாயைத் திறந்தேனா? இவளுக்கு மட்டும் தள்ளுபடியா? சாவியை வாங்குங்க டீச்சர் அவகிட்டேருந்து."

"ஆமா டீச்சர், வாங்குங்க" என்றது வகுப்பு.

பிளேடு எழுந்து நின்றாள். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, நான் இல்லை என்றும் சொல்லவில்லை. பாவாடைப் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, நடந்து வந்து, டீச்சர் மேஜைமேல் வைத்தாள். வைக்கும்போது டீச்சரை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. டீச்சருக்கு அவமானமாக இருக்கும் என்று அந்தப் பெண் பார்வையைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறாள். அது உவ்வே டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பெண்ணுக்குத் தெரியும், எல்லாமே தெரியும்.

சாவியை எடுத்து டிராயரில் போட்டுவிட்டால் முடிந்தது. வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சரின் கை டிராயர் பிடிவரைக்கும் போகவும் போயிற்று. சொல்ல வெட்கமாக இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

"உக்காரு" என்றாள். பிளேடு நின்றாள். "உக்காருன்னு சொல்றேன்ல! சாவியை எடுத்துட்டுப் போ." அப்புறம் வகுப்பைப் பார்த்தாள். "அவ மாத்தலை. நான்தான் மாத்தினேன். நேத்துக் காலையில வந்து மாத்தினேன். அந்த நாலு பத்து என் வீட்டுக்காரர்."

வருகைப் பதிவேட்டை மூடி வைத்தாள். பக்கத்துக் கழிப்பறையில் தண்ணீர் ஒழுகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு அசிங்கமாப் போச்சு, அதான் அழிச்சேன். உங்களுக்கெல்லாம் தள்ளுபடி கிடையாதுன்னு சொல்லிட்டு எனக்கு மட்டும் எடுத்துக்கிட்டேன். பொய்யும் சொன்னேன். தப்பு. அஞ்சு தகடும் எங்கே? எடுங்க, பழையபடி அடிக்கலாம்."

'மேனேஜர்' வீட்டுப் பையன் மெதுவாக, "பரவால்ல டீச்சர், விடுங்க" என்றான்.

"பரவால்லையா? என்ன பரவால்ல? எடுடா!"

பிளேடு பீரோவுக்குப் போகவில்லை. தன் பையைத் திறந்து, நோட்டுகளுக்கு நடுவிலிருந்து நாலு எக்ஸ்ரே தகடுகளை எடுத்தாள். "டீச்சர், இது பன்னிரண்டாவது. வெட்டிட்டேன், ஆனா கொடுக்கலை. இவங்களும் தினமும் வருவாங்க. ஒண்ணும் பண்ணமாட்டாங்க, சும்மாதான் நிப்பாங்க. அதனால சேர்க்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை."

டீச்சர் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தத் தடவை ஓரத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெண், ஸ்கூட்டர் பக்கத்தில். கொண்டையில் ஒரு பென்சில். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, தெருக்கோடியை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் முடித்துவிட்டு வருகிறவரைக்கும் நிற்கிறாள். வந்ததும் ஒன்றும் பேசாமல் பின்னால் ஏறிக்கொள்வாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். தெரியாதாம், சத்தியமாகத் தெரியாதாம்! எந்த மூக்கைப் பொத்திக்கொண்டு தெரியாது என்று சொன்னாளோ!

"சேர்க்கணும்" என்றாள். "மூணு தடவைக்கு மேல வந்தாச்சுல்ல."

மூன்றரை மணிக்கு வகுப்பே சந்தில் இருந்தது. அன்றைக்கு வேன்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். பதினொன்றைப் பிளேடும் மற்றவர்களும் பழையபடி ஆக்கினார்கள். கோடு வந்தது, பை வந்தது, முடி கொட்டியது. பன்னிரண்டை டீச்சரே அடித்தாள். பிளேடு தகட்டைப் பிடித்துக்கொண்டாள். கொண்டை, பென்சில், தலைப்பு, ஸ்கூட்டர். கடைசித் தகட்டை உரித்து எடுக்கும்போது நாலு பத்து. சந்து முனையில் ஸ்கூட்டர் திரும்பியது.

வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும், "அடேயப்பா, முடிச்சாச்சா?" என்று முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹலோவைப் பார்த்துச் சிரித்தார், விண்வெளியைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். பதினோராவது முதுகுக்கு முன்னால் நின்று, "இவனைப் பாரேன், அப்பன் வீட்டுச் சுவரு மாதிரி கையை வேற ஊனிக்கிட்டு! அசிங்கம் பிடிச்சவன். யாரும்மா இவன்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். உவ்வே டீச்சர் கையிலிருந்த தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். "அட! இது நீ!" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். "உன் பென்சிலு, உன் கொண்டை, அப்படியே... நம்ம ஸ்கூட்டர்கூட! ஆனா நீ எதுக்கு இங்க, இவன் பக்கத்துல..."

பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று. கண் மெதுவாகப் பதினொன்றுக்குத் திரும்பியது. வழுக்கைக்குப் போனது, தோளுக்கு வந்தது, ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றது. அப்புறம் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறு, போலாம்" என்றார்.

"நீங்க போங்க. எனக்குக் கை கழுவணும், நேரமாகும்."

ஸ்கூட்டர் பத்தடி தள்ளி நின்றது. கிளம்புவதற்காகத் திரும்பப் போனவர், தன் முதுகைப் பார்க்கப் பதினைந்து பிள்ளைகள் நிற்பது ஞாபகம் வந்து சட்டென்று நின்றார். அப்புறம் அவர்களைப் பார்த்தபடியே, ஒரு கையால் பின்னால் துழாவிக்கொண்டு, பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்து ஸ்கூட்டருக்குப் போனார்.